ஃப்ரெடிக்கு ஓர் ஒப்பாரி: கர்ட்டிஸ் மேஃபீல்டும் ‘சூப்பர் ஃப்ளை’யும்

1972ஆம் ஆண்டின் பிற்பாதியில் அமெரிக்க வானொலிகளில் ஓயாமல் ஒலித்த பாடல்களில் ஒன்று ‘ஃப்ரெடீஸ் டெட்’. பில்போர்டு பொதுப் பட்டியலில் அது 4ஆம் இடத்தையும், ஆர் அண்ட் பி பட்டியலில் 2ஆம் இடத்தையும் எட்டியது. பத்து லட்சம் தட்டுகளுக்கு மேல் விற்றது. ‘சூப்பர் ஃப்ளை’ என்ற திரைப்படத்துக்காகக் கர்ட்டிஸ் மேஃபீல்ட் எழுதிப் பாடிய பாடல் அது. படமும் அதே கோடையில் வெளியாகி நன்றாக ஓடியது. இருந்தும் சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் போட்டியில் ‘ஃப்ரெடீஸ் டெட்’டுக்கு இடமில்லை என்றாகிவிட்டது. பாடலின் வரிகள் படத்தில் ஒலித்திருக்க வேண்டும் என்பது விதி. ‘சூப்பர் ஃப்ளை’யில் அந்த மெட்டு பலமுறை வருகிறது. வரிகள் ஓரிடத்திலும் வருவதில்லை.

இதை விருதுக்காரர்களின் கெடுபிடி என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. மெட்டை எடுத்துக்கொண்டு சொல்லை வெளியே நிறுத்திய அந்த முடிவில், படத்துக்கும் அதற்கென்று உருவான ஆல்பத்துக்கும் நடுவே இருந்த பிணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. படம் யாரை நாயகனாகக் கொண்டாடியதோ அவனைப் பற்றி மேஃபீல்டுக்குக் கடுமையான ஐயங்கள் இருந்தன. படம் போகிற போக்கில் சாகவிட்டுக் கடந்துபோன ஒருவனை அவர் தன் ஆல்பத்தின் நடுவில் கிடத்தி, ஊரைக் கூட்டி அழுதார். சோல் இசைக் கலைஞர்கள் திரைப்படங்களுக்காகச் செய்த ஆல்பங்கள் எழுபதுகளில் ஏராளம். தன்னை வேலைக்கு அழைத்த படத்தோடு இவ்வளவு நேராக வாதாடிய இன்னொன்றை நான் கேட்டதில்லை.

படத்தின் கதை எளியது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கொக்கெய்ன் விற்கும் யங்பிளட் ப்ரீஸ்ட் என்பவனுக்கு அந்தத் தொழிலிலிருந்து வெளியேற ஆசை. 30 கிலோ சரக்கை மொத்தமாக வாங்கி, நான்கே மாதத்தில் விற்று, பத்து லட்சம் டாலர் பார்த்துவிட்டு ஒதுங்கிவிடுவது அவன் திட்டம். கூட்டாளி எட்டிக்கு இதில் நம்பிக்கை இல்லை. வெள்ளையர்கள் நமக்கென்று விட்டுவைத்திருக்கும் பிழைப்பு இது ஒன்றுதான் என்பது அவன் வாதம். சரக்கின் ஊற்றுக்கண்ணைத் தேடிப் போனால் அது காவல்துறைத் துணை ஆணையர் ஒருவரிடம் போய் நிற்கிறது. அந்த ஆணையராக நடித்தவர் படத்தின் தயாரிப்பாளர் சிக் ஷோர். பெயர்ப்பட்டியலில் தன்னை மைக் ரிச்சர்ட்ஸ் என்று போட்டுக்கொண்டார். ப்ரீஸ்டாக நடித்த ரான் ஓ’நீல் நியூயார்க் நாடக மேடையில் ஓபி விருது வாங்கியவர். நீண்ட மேலங்கி, தோள்வரை படிந்த தலைமுடி, காடிலாக் எல்டொராடோ கார், கழுத்தில் ஒரு சிலுவை. அந்தச் சிலுவையால்தான் அவன் தூளை அள்ளி மூக்கருகே கொண்டுபோகிறான்.

இந்தக் கதையில் ஃப்ரெடி ஓரத்து ஆள். ப்ரீஸ்டின் கீழ் சில்லறை வியாபாரம் பார்க்கும் பருத்த உடம்புக்காரன். சார்ல்ஸ் மெக்ரெகர் நடித்த பாத்திரம் அது. கொடுக்க வேண்டிய பணத்தை அவன் கொடுக்கவில்லை என்றதும், கொள்ளையடித்தாவது கொண்டு வா, இல்லாவிட்டால் உன் பெண்டாட்டியைத் தெருவில் நிறுத்திச் சம்பாதிப்பேன் என்று ப்ரீஸ்ட் அவனை மிரட்டுகிறான். நாயகனின் வாயிலிருந்து வரும் சொற்கள் இவை. பின்னால் ஃப்ரெடி போலீசிடம் மாட்டி அடிவாங்குகிறான். வலி தாங்காமல் பெயர்களைச் சொல்லிவிடுகிறான். தப்பி ஓடும்போது காரில் அடிபட்டுச் சாகிறான். கதை அவனுக்காக அதிகம் நிற்பதில்லை. ப்ரீஸ்டின் பத்து லட்சம் என்ன ஆகும் என்ற கேள்வி அதை இழுத்துக்கொண்டு போகிறது.

அந்தப் படம் பிறந்த சூழலையும் சொல்லியாக வேண்டும். 1971இல் மெல்வின் வான் பீபிள்ஸ் ‘ஸ்வீட் ஸ்வீட்பேக்’கைச் சொந்த முயற்சியில் எடுத்து வென்றார். அதே ஆண்டில் கார்டன் பார்க்ஸ் இயக்கிய ‘ஷாஃப்ட்’ கறுப்பினத் துப்பறிவாளன் ஒருவனை எம்ஜிஎம் நிறுவனத்தின் வெற்றி நாயகனாக்கியது. கறுப்பின ரசிகர்கள் தங்கள் முகங்களைத் திரையில் காணக் காத்திருக்கிறார்கள் என்று ஹாலிவுட் கண்டுகொண்டது அப்போதுதான். ‘சூப்பர் ஃப்ளை’யை இயக்கியவர் அந்தக் கார்டன் பார்க்ஸின் மகன், கார்டன் பார்க்ஸ் ஜூனியர். ஐந்து லட்சம் டாலருக்குள் அடங்கிய செலவில், ஹார்லெம் தெருக்களிலேயே எடுக்கப்பட்ட படம். அதற்கான பணத்தில் ஒரு பகுதியைக் கறுப்பின வணிகர்களும் தொழில்முறையாளர்களும் போட்டார்கள். கேமராவுக்குப் பின்னால் வேலை செய்தவர்களில் வெள்ளையரல்லாதவர்கள் அத்தனை பேர் இருந்தது அந்தக் காலத்தில் அபூர்வம். எடுத்து முடித்த படத்தை வார்னர் பிரதர்ஸ் வாங்கி வெளியிட்டது. ஆகவே இதை வெள்ளை முதலாளிகள் கறுப்பர்களை வைத்துக் காசு பார்த்த கதை என்று சுருக்குவது அநியாயம். படத்தின் தெருக்களில் பொய் இல்லை. ஹார்லெமின் குளிர்காலத்தையும் இடிந்த படிக்கட்டுகளையும் அது நேராகப் பார்த்தது.

இனி மேஃபீல்ட். 1942 ஜூன் 3 அன்று சிகாகோவில் பிறந்தவர். தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாயின் அரவணைப்பிலும், சிறிய தேவாலயம் ஒன்றை நடத்திய பாட்டியின் நிழலிலும் வளர்ந்தார். பதின்வயதில் காப்ரினி குடியிருப்புக்கு வந்தார். ஏழைக் குடும்பங்களுக்காக அரசு கட்டிய வீடுகள் அவை. பாட்டியின் தேவாலயத்துச் சூழலில்தான் ஜெர்ரி பட்லரோடு சேர்ந்து பாடத் தொடங்கினார். பின்னர் இருவரும் ‘இம்ப்ரெஷன்ஸ்’ குழுவில் இருந்தார்கள். 1958இல் முதல் வெற்றி. சில மாதங்களில் பட்லர் விலகிப் போக, அடுத்த பத்தாண்டுகளுக்கு அந்தக் குழுவை எழுதியும் பாடியும் நடத்தியவர் மேஃபீல்ட். 1964இன் ‘கீப் ஆன் புஷ்ஷிங்’, 1965இன் ‘பீப்பிள் கெட் ரெடி’ ஆகியவை குடிமை உரிமைப் போராட்ட ஊர்வலங்களின் பாடல்களாயின. 1967 முடிவில் வந்த ‘வீ ஆர் எ வின்னர்’ கறுப்பினப் பெருமிதத்தை ஒளிவுமறைவின்றிப் பேசியதால் சில வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்பத் தயங்கின. 1970இல் குழுவை விட்டுத் தனியே பாட வந்தார்.

தேவாலயத்தின் பிள்ளை அவர். போதனை அவருக்கு இயல்பாக வந்தது. எச்சரிப்பது, ஆறுதல் சொல்வது, தட்டியெழுப்புவது என்ற மூன்றும் அவர் பாட்டில் ஒரே மூச்சில் நடக்கும். அத்தகைய ஒருவரிடம் கொக்கெய்ன் வியாபாரியின் கதையைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் அவர் கச்சேரி நடந்தபோது, கதாசிரியர் ஃபிலிப் ஃபென்டியும் சிக் ஷோரும் திரைக்கதைப் பிரதியோடு வந்து சந்தித்தார்கள். மேஃபீல்ட் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். காகிதத்தில் அந்தக் கதை அவருக்குப் பிடித்திருந்தது. படிக்கும்போதே ஃப்ரெடிமீது இரக்கம் கொண்டதாகப் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். நண்பர்களும் கூட்டாளிகளும் வீட்டுப் பெண்ணும் ஆளுக்கொரு பக்கமாக அவனை இழுத்தடித்தது அவர் மனத்தைத் தைத்தது. பிறகு எடுத்தவரைக்குமான படச்சுருள்களைப் பார்த்தார். கொக்கெய்னுக்கு எடுத்த விளம்பரம்போல் இருக்கிறது என்பது அவர் கருத்தானது. காகிதத்தில் இருந்த தெரு வாழ்க்கை திரையில் கவர்ச்சியாக மாறிவிட்டிருந்தது. பிரதியில் ‘அவன் கொஞ்சம் தூளை இழுக்கிறான்’ என்று ஒரு வரியில் முடிவது, திரையில் அழகான ஒரு மனிதன் நிதானமாக, ரசித்து, மறுபடியும் மறுபடியும் செய்யும் செயலாகிவிடுகிறது. கேமராவின் இயல்பு அது. ஒருவனை அண்மையில் நின்று நெடுநேரம் பார்த்தால் பார்ப்பவர் அவன் பக்கம் சாய்ந்துவிடுவார்.

வேலையை உதறிவிட்டுப் போயிருக்கலாம். மேஃபீல்ட் அப்படிச் செய்யவில்லை. படம் பேசாமல் விட்டதைப் பாட்டில் பேசுவது என்று அவர் தீர்மானித்தார். அவரால் அது முடிந்ததற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. அவருடைய பாடல்கள் அவருக்கே சொந்தம். அறுபதுகளின் தொடக்கத்திலேயே பாடல் உரிமைக்கென்று சொந்த நிறுவனம் வைத்திருந்தார். கறுப்பினக் கலைஞர்கள் தம் பாட்டைச் சில நூறு டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்ற காலம் அது. 1968இல் எட்டி தாமஸோடு சேர்ந்து ‘கர்ட்டம்’ என்ற இசைத்தட்டு நிறுவனத்தையும் தொடங்கினார். ஆகவே ‘சூப்பர் ஃப்ளை’ ஆல்பத்தில் எது இருக்க வேண்டும், எந்த வரிசையில் இருக்க வேண்டும், எந்தப் பாட்டில் எந்தச் சொல் வர வேண்டும் என்பதையெல்லாம் அவரே முடிவு செய்தார். படத்தில் ஃப்ரெடியின் பாட்டுக்கு வாயடைப்பு நேர்ந்தபோதும் தட்டில் அது ஐந்து நிமிடத்துக்கு மேல் முழுக்குரலில் ஒலித்தது இதனால்தான்.

இன்னொன்றும் நடந்தது. ஆல்பம் 1972 ஜூலையில் கடைக்கு வந்தது. படம் ஆகஸ்டில்தான் வந்தது. ‘ஃப்ரெடீஸ் டெட்’ தனித்தட்டாகவும் முன்னதாகவே வானொலியில் ஏறிவிட்டது. திரையரங்குக்குள் நுழைந்த பலருக்கு ஃப்ரெடி சாகப்போகிறான் என்பது முன்பே தெரியும். அவனுக்காகத் துக்கப்பட்டுவிட்டு வந்து, அதற்குப் பிறகுதான் அவனை உயிரோடு பார்த்தார்கள். அந்த மெட்டு சொல்லின்றி ஒலிக்கும் இடங்களில் பார்வையாளர்களின் மனம் தானாக வரிகளை நிரப்பிக்கொண்டிருக்கும். படத்தின் மௌனத்தை வானொலி முந்திக்கொண்டு உடைத்திருந்தது.

ஆல்பத்தின் முதல் பக்கத்தை வரிசையாகக் கேட்டால் மேஃபீல்டின் வாதம் தெளிவாகப் புரியும். முதல் பாட்டு ‘லிட்டில் சைல்ட் ரன்னின் வைல்ட்’. ‘கெட்டோ சைல்ட்’ என்ற பெயரில் அவர் முன்பே முயன்று வைத்திருந்த பாட்டின் மறுவடிவம் இது. படத்தின் தொடக்கத்தில், போதைக்கு அடிமையான இருவர் ஹார்லெம் வீதிகளில் நடக்கும்போது ஒலிக்கிறது. தகப்பனில்லாத, வீட்டில் யாரும் கவனிக்காத ஒரு குழந்தையைப் பற்றிய பாட்டு. திரையில் தெரிவது வழிப்பறிக்குக் கிளம்பிய இரண்டு ஆட்கள். காதில் விழுவது அவர்களுடைய குழந்தைப் பருவம். இரண்டாவதாக வரும் ‘புஷ்ஷர்மேன்’, அந்தக் குழந்தை வளர்ந்ததும் எதிரே வந்து நிற்கும் வியாபாரியின் குரல். மூன்றாவது ஃப்ரெடியின் சாவு. குழந்தை, வியாபாரி, பிணம். மூன்றே பாட்டில் ஒரு வாழ்க்கை முடிந்துவிடுகிறது. பத்து லட்சம் டாலர் திட்டத்துக்கு அங்கே இடமே இல்லை.

‘ஃப்ரெடீஸ் டெட்’டை இன்னும் அருகில் சென்று கேட்க வேண்டும். ஜோசப் ‘லக்கி’ ஸ்காட்டின் பேஸ் கித்தார் கீழிருந்து ஒரு கனமான சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. ஹென்ரி கிப்சனின் காங்கா மேளம் அதன் சந்துகளில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மேலே வயலின்களும் புல்லாங்குழலும் வந்து வந்து போகின்றன. துக்கப் பாட்டு என்றால் தாளம் தளரும் என்று எதிர்பார்ப்போம். இங்கே அது தளரவில்லை. நடனமாட அழைக்கும் அதே தாளத்தின் மேல், எல்லோரும் அவனைப் பயன்படுத்திக்கொண்டார்கள், அவன் போனதும் எல்லோரும் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள் என்ற பொருளில் வரிகள் நகர்கின்றன. பிறகு பாட்டு கேட்பவர் பக்கம் திரும்புகிறது. தெருமுனையில் நிற்கும் அடுத்த ஆளைக் காட்டுகிறது. ஒப்பாரியில் செத்தவனைச் சொல்லி அழுதுகொண்டே இருப்பவர்களின் குற்றத்தையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் உண்டல்லவா, அந்த வேலையை இந்தப் பாட்டு செய்கிறது. அழுகையும் வழக்கும் அதில் ஒன்றுதான்.

அவருடைய குரலும் இதற்கு ஏற்றது. நம் பக்கத்தில் கள்ளக்குரல் என்பார்களே, அடிவயிற்றிலிருந்து வராமல் தலைக்குள் மெலிந்து எழும் அந்த உயர்குரலில் ஆல்பம் முழுவதையும் பாடுகிறார். மிரட்டலோ முழக்கமோ அதில் இல்லை. கடுமையான செய்தியைத் தாழ்ந்த தொனியில் சொல்லும்போது கேட்பவர் முன்னால் சாய்ந்துதான் ஆக வேண்டும். கித்தாரையும் அவர் பிறர்போல் சுருதி கூட்டியதில்லை. ஆசிரியரில்லாமல் தானாகக் கற்றவர். பியானோவின் கறுப்புக் கட்டைகளுக்கு ஒத்துப்போகும்படி தந்திகளை முறுக்கிக்கொண்டார். விரல் வைக்காமல் மீட்டினாலே ஒரு முழுச் சுரக்கூட்டு ஒலிக்கும் முறை அது. வேறு யாரும் எளிதில் நகலெடுக்க முடியாத, நீர்போல் வழுகும் வாசிப்பு அதனால் வாய்த்தது. கிரெய்க் மெக்மல்லனின் இரண்டாவது கித்தாரும் ‘வா-வா’ மிதியின் நெளிவும் சேரும்போது வாத்தியங்களே ஒன்றோடொன்று பேசிக்கொள்வதுபோல் இருக்கும்.

வயலின், குழல், ஊதுகருவிகளுக்கான ஏற்பாட்டைச் செய்தவர் ஜானி பேட். ஜாஸ் பேஸ் வாசிப்பாளராகத் தொடங்கியவர். இம்ப்ரெஷன்ஸ் காலம் முதலே மேஃபீல்டின் மெட்டுகளுக்கு வாத்திய ஆடை உடுத்தியவர். ‘சூப்பர் ஃப்ளை’யின் பளபளப்பில் அவர் பங்கு மிகப் பெரியது. ஆல்பத்தில் குரலில்லாமல் வரும் ‘ஜங்கி சேஸ்’, ‘திங்க்’ ஆகிய இரண்டும் தன்னுடைய ஆக்கங்கள் என்று பேட் உரிமை கோரினார். தட்டின்மீது இருந்தது மேஃபீல்டின் பெயர் மட்டுமே. இருவருக்கும் மனக்கசப்பு வந்தது. தன் உரிமையை அத்தனை விழிப்போடு காத்த ஒரு மனிதர், அருகிலிருந்த இன்னொருவரின் பங்கை எப்படி அளந்தார் என்ற கேள்வி இந்த ஆல்பத்தை நேசிப்பவர்களுக்கு உறுத்த வேண்டிய கேள்வி. எனக்கு உறுத்துகிறது.

‘புஷ்ஷர்மேன்’ படத்துக்குள் இரண்டு விதமாக வருகிறது. முதல் இடத்தில் மேஃபீல்டே தன் குழுவோடு தோன்றுகிறார். ஸ்கேட்டர் என்ற முன்னாள் வியாபாரியின் விடுதி. ப்ரீஸ்டுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். சிறு மேடையில் கண்ணாடி அணிந்த மேஃபீல்ட் கித்தாரோடு நின்று, வியாபாரியின் வாய்மொழியாகவே அந்தப் பாட்டைப் பாடுகிறார். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் வியாபாரிகளும் உண்டு. உங்கள் தொழில் இன்னதுதான் என்று அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லும் பாட்டு. அவர்கள் குடித்தபடி ரசிக்கிறார்கள். ஊடுருவிப் பார்த்தால் படத்திலேயே இதுதான் மிகத் துணிச்சலான காட்சி. வயலினும் ஊதுகருவிகளும் இல்லாத, நரம்பும் தோலும் மட்டுமான வாசிப்பு.

இரண்டாவது இடம் நிழற்படத் தொகுப்பு. 30 கிலோ சரக்கு ஊரெங்கும் விற்றுப்போவதைப் பார்க்ஸ் ஜூனியர் அசையும் காட்சிகளாக எடுக்கவில்லை. அவர் நிழற்படக் கலைஞர்; திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, உறைந்த படங்களை அடுக்கினார். வெள்ளையரும் கறுப்பரும், கூலி வேலைக்காரரும் வசதி படைத்தவரும் தூளை வாங்குகிறார்கள், இழுக்கிறார்கள். பின்னணியில் ‘புஷ்ஷர்மேன்’. எடுத்த விதத்தில் அற்புதமான பகுதி. கறுப்பினச் சேரியின் நோய் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்ததை ஊர் முழுவதன் நோயாகக் காட்டியது அதன் பெரிய நியாயம். ஆனால் இங்கேதான் பாட்டு தோற்கவும் செய்கிறது. அந்தத் தாளமும் அந்தப் படங்களின் ஒழுங்கும் சேர்ந்து வியாபாரத்தை ஒரு திருவிழா ஆக்கிவிடுகின்றன. வியாபாரியின் வாயிலிருந்து அவன் கவர்ச்சியைக் காட்டி அவனையே அம்பலப்படுத்துவது மேஃபீல்டின் உத்தி. அதைக் கேட்பவர் கவர்ச்சியோடு நின்றுவிட்டால் உத்தி முறிந்துவிடும். தட்டில் ‘புஷ்ஷர்மேன்’ முடிந்த கையோடு ஃப்ரெடியின் சாவு வருவதால் அது முறிவதில்லை. படத்தில் அந்த அடுத்த பாட்டு ஊமை.

தட்டின் இரண்டாம் பக்கம் இவ்வளவு இறுக்கமானது இல்லை. ‘கிவ் மீ யுவர் லவ்’ காதல் காட்சிக்கென்று எழுதியது. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. கூட்டாளி எட்டியைப் பெயர் சொல்லி இடித்துரைக்கும் பாட்டு சிறியது, மென்மையானது. ‘நோ திங் ஆன் மீ’யில் மேஃபீல்ட் எதையும் மறைக்காமல் நேரடியாகவே பேசுகிறார்: எனக்குள் இருக்கும் மகிழ்ச்சிக்கு எந்தத் தூளும் தேவையில்லை என்கிறார். அதில் தேவாலயத்துப் பிள்ளை முழுவதுமாக வெளியே வந்துவிடுகிறார். கடைசிப் பாட்டு ‘சூப்பர்ஃப்ளை’. பட முடிவில் ப்ரீஸ்ட் வென்று வெளியேறும்போது ஒலிப்பது. அதிலும் அவர் நாயகனை முழுமையாக வாழ்த்தவில்லை. அவன் தைரியத்தை ஒப்புக்கொண்டு, அவன் தனிமையையும் பேராசையையும் சேர்த்தே சொல்கிறார். பேஸ் வாசிப்பு இழுக்கும் இழுப்பில் அந்த ஐயங்கள் பலர் காதில் விழாமல் போனதும் உண்மை.

இதற்கு ஓராண்டு முன்னால் வந்த ‘ஷாஃப்ட்’டுக்கு இசையமைத்த ஐசக் ஹேய்ஸ், சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஆனார். ஹேய்ஸின் அந்தப் பாட்டு நாயகனுக்குக் கட்டியம் கூறுவது. அரசர் வருமுன் அவர் பெருமையைச் சொல்லிக்கொண்டு வரும் குரல். அந்த இரட்டைத் தட்டில் குரல் இருப்பது மூன்று பாட்டில்தான். அவற்றில் ‘சோல்ஸ்வில்’ சேரி வாழ்க்கையின் வலியைப் பாடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் ஆல்பத்தின் பெரும்பகுதி காட்சிகளுக்குத் துணை நிற்கும் இசை. 1972 டிசம்பரில் வந்த மார்வின் கேயின் ‘ட்ரபிள் மேன்’ வேறு வகை. ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ போன்ற ஒன்றைச் செய்து முடித்தவர், இங்கே பெரும்பாலும் சொல்லை ஒதுக்கிவிட்டு வாத்தியங்களுக்குள் போய்விட்டார். தலைப்புப் பாட்டு ஒன்றுதான் முழுமையாகப் பாடப்பட்டது. அழகான, தன்னுள் மூழ்கிய இசை. இந்த இரண்டு மேதைகளும் படத்தோடு சமாதானமாக இருந்தார்கள். மேஃபீல்டின் ஆல்பத்தில் இசை ஒவ்வொரு கணமும் படத்தின் சட்டையைப் பிடித்து உலுக்குகிறது.

‘சூப்பர் ஃப்ளை’ வெளியானதும் எதிர்ப்பு எழுந்தது. கறுப்பினத்தவர் உரிமைக்கான என்ஏஏசிபி அமைப்பின் ஹாலிவுட் கிளைத் தலைவர் ஜூனியஸ் கிரிஃபின், இத்தகைய படங்களைக் குறிக்க, கறுப்பினத்தவரைச் சுரண்டுபவை என்ற பொருளில் ‘பிளாக்ஸ்ப்ளாய்ட்டேஷன்’ என்ற சொல்லைப் பரப்பினார். குடிமை உரிமை அமைப்புகள் கூடிக் கூட்டணி கட்டின. ப்ரீஸ்டைப்போல் உடுத்தி, ப்ரீஸ்டைப்போல் கழுத்தில் சிலுவையைத் தொங்கவிட்டுக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிய கவலை அது. வீண் கவலை என்று சொல்ல முடியாது. அரசும் அதே ஆண்டுகளில் வேறொரு பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. 1971 ஜூனில் அதிபர் நிக்சன் போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரி என்றார். 1973இல் நியூயார்க் ஆளுநர் ராக்கஃபெல்லர் கொண்டுவந்த சட்டம், சில அவுன்ஸ் சரக்கோடு பிடிபட்டவருக்குக் குறைந்தது 15 ஆண்டு, கூடினால் ஆயுள் என்றது. அந்தச் சட்டத்தின் வலையில் அகப்பட்டுச் சிறைகளை நிரப்பியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் மக்களுமான சில்லறை ஆட்கள். துணை ஆணையர்கள் அதில் சிக்கவில்லை. ஃப்ரெடிகள் சிக்கினார்கள். படத்தை எதிர்த்தவர்கள் ப்ரீஸ்டைப் பார்த்தார்கள், அரசு குற்றவாளியைப் பார்த்தது. அடிபட்டுச் செத்தவனை ஒரு மனிதனாகப் பார்க்கச் சொன்னது இந்த ஆல்பம். 1972 அக்டோபரில் அது பில்போர்டு ஆல்பப் பட்டியலின் முதலிடத்துக்கு ஏறி, நான்கு வாரம் அங்கேயே இருந்தது.

காலப்போக்கில் என்ன நிலைத்தது என்று பார்த்தால் கலவையான விடைதான் கிடைக்கிறது. 1988இல் ராப் பாடகர் ஐஸ்-டி ‘புஷ்ஷர்மேன்’ மெட்டை எடுத்து, நான் விற்பது இசை என்னும் போதை மட்டுமே என்று திருப்பிப் போட்டார். மேஃபீல்டின் மனத்துக்கு நெருக்கமான வாரிசுப் பாட்டு அது. அதே ஆண்டு ஃபிஷ்போன் குழு ‘ஃப்ரெடீஸ் டெட்’டைப் புதிதாகப் பாடியது. மறுபக்கம், வியாபாரியின் மிடுக்கை மட்டும் எடுத்துக்கொண்ட ராப் பாட்டுகளும் ஏராளமாக வந்தன. ஒரே தட்டிலிருந்து இரண்டும் கிளைத்தன. அதற்கான வித்து ‘புஷ்ஷர்மேன்’ பாட்டின் உடம்பிலேயே இருந்தது என்றுதான் நினைக்கிறேன். 2019இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்த ஆல்பத்தைத் தேசிய ஒலிப்பதிவுப் பேழையில் சேர்த்தது.

மேஃபீல்ட் திரைப்படங்களை விட்டு விலகவில்லை. 1974இல் ‘கிளாடின்’ படத்துக்கு எழுதினார். ஆறு குழந்தைகளோடு அரசு உதவித்தொகையில் ஹார்லெமில் வாழும் ஒரு தாயின் கதை அது. பாட்டுகளைப் பாடியது கிளாடிஸ் நைட்டும் அவர் குழுவினரும். 1976இல் ‘ஸ்பார்க்கிள்’ படத்துக்காக அவர் ஆக்கிய பாட்டுகளைத் தட்டில் அரீதா ஃப்ராங்க்ளின் பாடினார். இவை நல்ல ஆல்பங்கள்; ‘கிளாடின்’ மிக நல்ல ஆல்பம். ஆனால் அவற்றில் கதையும் பாட்டும் ஒரே பக்கம் நிற்கின்றன. பாட்டு கதைக்கு உரமூட்டிவிட்டு அமைதியாகிவிடுகிறது. ‘சூப்பர் ஃப்ளை’யின் கூர்மை அவற்றில் இல்லை. எதிர்க்க ஒன்று இருந்தபோதுதான் மேஃபீல்டின் மென்குரலுக்கு அந்த விளிம்பு வந்தது.

1977இல் ‘ஷார்ட் ஐஸ்’ வந்தது. மிகேல் பின்யேரோவின் சிறைச்சாலை நாடகத்தை ராபர்ட் எம். யங் படமாக்கியிருந்தார். இசையமைத்த மேஃபீல்ட் அதில் பாப்பி என்ற கைதியாகவும் நடித்தார். ‘டு டு வாப் இஸ் ஸ்ட்ராங் இன் ஹியர்’ என்ற பாட்டை அடைபட்ட மனிதர்களின் நடுவே நின்று அவரே பாடுகிறார். இந்தப் படத்தில் யாரும் அவர் வரிகளை வெளியே நிறுத்தவில்லை.